விதியை விசாரித்த மதுரை வியாபாரி

மதுரை நகரம் தீப்பற்றி எரிந்தது. மாளிகைகள் எரிந்தன. கடை வீதிகள் எரிந்தன. கொட்டிலில் இருந்த யானைகளும் குதிரைகளும் மதிலுக்கு வெளியே ஓடின.

நள்ளிரவு நேரம். சிவபெருமான் கோவிலின் வெள்ளி அம்பலத்தில் ஒருவர் படுத்து இருந்தார். அவர் காதில் ஒரு பேச்சு விழுந்தது. மதுரையின் காவல் தெய்வம், கணவனை இழந்த ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டு இருந்தது. அவள் கணவன் எதற்காகக் கொல்லப்பட்டான் என்ற காரணத்தைத் தெய்வம் எடுத்துச் சொல்லிற்று.

அந்தப் பெண் கண்ணகி. பேச்சைக் கேட்டவர் சாத்தனார். மதுரையில் தானிய வியாபாரம் செய்தவர். புத்தர் வழியில் நின்ற புலவர்.

சிலப்பதிகாரத்தின் முன்னுரை போல அமைந்த பதிகம், சாத்தனாரை இப்படித்தான் நமக்கு அறிமுகம் செய்து வைக்கிறது.

அன்று இரவு சாத்தனார் கேட்டது, வினையைப் பற்றிய பேச்சு. கருமம் என்கிறோம். ஊழ் என்கிறோம். விதி, தலையெழுத்து என்று நெற்றியில் அடித்துக் கொள்கிறோம். அந்த வினைதான்!

வினை என்றால் என்ன? அதை மாற்ற முடியுமா, முடியாதா? இந்தக் கேள்விக்குச் சாத்தனார் ஒரு காவியமே எழுதிப் பதில் சொன்னார். அதுதான் மணிமேகலை.

கூல வாணிகர்

கூலம் என்றால் தானியம். வாணிகர் என்றால் வியாபாரி. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்பது அவருடைய முழுப் பெயர்.

அந்தக் காலத்து மதுரையில் தானியத்துக்கு என்றே ஒரு தனி வீதி இருந்தது. சிலப்பதிகாரம் அந்த வீதியைக் காட்டுகிறது. தராசு பிடித்தவர்கள் அங்கும் இங்கும் நடக்கிறார்கள். பறை, அம்பணம் என்ற மரக்கால்களைக் கையில் வைத்துக்கொண்டு சிலர் அளக்கிறார்கள். தானியக் குவியல்களுக்கு நடுவே மிளகு மூட்டைகள் அடுக்கிக் கிடக்கின்றன.

மதுரை வியாபாரிகளின் கைவண்ணத்தை இன்றும் நேரில் பார்க்கலாம். மதுரைக்கு வடக்கே அழகர்மலை இருக்கிறது. அந்த மலைக் குகையில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் எழுத்துகள் வெட்டப்பட்டு இருக்கின்றன. துறவிகள் தங்கிய இடம் அது. அதற்கு உதவி செய்தவர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. உப்பு வியாபாரி ஒருவர். துணி வியாபாரி ஒருவர். கொழு விற்றவர் ஒருவர். கடையில் ஈட்டிய காசில் ஒரு பங்கை அறத்துக்குக் கொடுப்பது மதுரை வியாபாரிகளின் வழக்கமாக இருந்தது.

அந்த மதுரையில் எல்லாச் சமயங்களும் இருந்தன. சிவன் கோவில் இருந்தது. திருமால் கோவில் இருந்தது. சமணப் பள்ளியும் பௌத்தப் பள்ளியும் இருந்தன. பெண்கள் கைக்குழந்தையோடு, பூவும் புகையும் ஏந்திப் பௌத்தப் பள்ளிக்கு வழிபடச் சென்றதை மதுரைக்காஞ்சி என்ற பழைய பாட்டு கூறுகிறது. பௌத்தரான சாத்தனார் சிவன் கோவில் அம்பலத்தில் படுத்து இருந்ததை யாரும் வியப்பாக எண்ணவில்லை.

தலையில் புண்!

சீத்தலை என்பது அவருடைய ஊர்ப் பெயர் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆனால் மக்கள் வழங்கும் கதை வேறு.

சாத்தனாரிடம் புலவர்கள் ஓலையைக் கொண்டு வந்து காட்டுவார்களாம். பாட்டில் பிழை இருந்தால் அவர் மனம் பொறுக்காது. எழுதியவரை அடிக்கவும் மாட்டார், திட்டவும் மாட்டார். எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக் கொள்வாராம்! அதனால் தலை புண்ணாகிச் சீழ் பிடித்தது என்றும், திருக்குறள் அரங்கேறிய பிறகே தலைக்குத்து நின்றது என்றும் கதை வளர்ந்தது. திருவள்ளுவமாலையில் உள்ள ஒரு பாட்டு, இந்தக் கதையைக் குறிக்கிறது.

கதை எப்படியோ போகட்டும். சாத்தனாருக்கு வள்ளுவர் மேல் பெரிய மதிப்பு இருந்தது உண்மை. மணிமேகலையில் ஒரு குறளை எடுத்து வைத்து, அதைப் பாடியவர் பொய் சொல்லாத புலவர் என்று போற்றுகிறார்.

புறநானூறு, அகநானூறு முதலிய சங்க நூல்களிலும் சீத்தலைச் சாத்தனார் பெயரில் பாடல்கள் இருக்கின்றன. அவரும் இவரும் ஒருவரே என்பவர்கள் உண்டு. வேறு வேறு என்பவர்களும் உண்டு. மணிமேகலை எழுந்த காலத்தைக் கி. பி. 2-ம் நூற்றாண்டில் இருந்து 6-ம் நூற்றாண்டு வரை பல விதமாகக் கணிக்கிறார்கள்.

இரண்டு நண்பர்கள்

சாத்தனாருக்கு ஒரு நண்பர் இருந்தார். அவர் அரச குடும்பத்தில் பிறந்து துறவியானவர். சேரன் செங்குட்டுவனின் தம்பி என்று போற்றப்படும் இளங்கோ அடிகள்தான் அவர்.

ஒரு நாள் மலைக் குறவர்கள் இளங்கோ அடிகளிடம் ஓடி வந்தார்கள். ஒரு மார்பை இழந்த பெண் ஒருத்தி வேங்கை மரத்தின் கீழ் நின்றாள் என்றும், வானத்தில் இருந்து வந்தவர்கள் அவளை அவள் கணவனோடு அழைத்துச் சென்றார்கள் என்றும் சொன்னார்கள். அது என்ன செய்தி என்று இளங்கோவுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த சாத்தனார் முழுக் கதையையும் சொன்னார்.

காவிரிப்பூம்பட்டினத்துக் கோவலன் கண்ணகியை மணந்தான். பிறகு மாதவியோடு வாழ்ந்தான். பொருளை எல்லாம் இழந்தான். கண்ணகியோடு மதுரைக்கு வந்தான். அவள் காற்சிலம்பை விற்கப் போனான். பொற்கொல்லன் சூழ்ச்சியால் திருடன் என்று வெட்டப்பட்டான். கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்டாள். தவறு உணர்ந்த பாண்டியன் அரியணையிலேயே உயிர் விட்டான். கோபம் அடங்காத கண்ணகி மதுரையை எரித்தாள்.

மதுரைப் பழங்காநத்தம் பகுதியில் கோவலன் பொட்டல் என்று ஓர் இடம் இன்றும் வழங்குகிறது.

இந்தக் கதையைக் கேட்ட இளங்கோ சிலப்பதிகாரம் பாடினார். அவர் பாடச் சாத்தனார் கேட்டார். கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளின் கதையைச் சாத்தனார் பாடினார். அவர் பாட இளங்கோ கேட்டார். ஒருவர் நிறுத்திய இடத்தில் மற்றவர் தொடங்கினார். அதனால்தான் இரண்டையும் இரட்டைக் காப்பியங்கள் என்கிறோம்.

தெய்வம் சொன்ன கணக்கு

அன்று இரவு மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொன்ன கதை இது:

கலிங்க நாட்டில் சிங்கபுரம், கபிலபுரம் என்று இரண்டு நகரங்கள் இருந்தன. இரண்டு ஊர் அரசர்களுக்கும் பகை. கபிலபுரத்து வியாபாரி சங்கமன் என்பவன், மனைவி நீலியோடு சிங்கபுரத்துக்கு வந்து நகை விற்றான். பரதன் என்ற அரசாங்க ஊழியன் அவனைப் பகை நாட்டு ஒற்றன் என்று காட்டிக் கொடுத்தான். ஒரு குற்றமும் செய்யாத சங்கமன் கொல்லப்பட்டான். நீலி 14 நாட்கள் தெருத் தெருவாக அழுது திரிந்தாள். எங்களுக்கு இந்தத் துன்பம் செய்தவர்களும் இதையே அடையட்டும் என்று சபித்து, மலையில் இருந்து விழுந்து உயிர் விட்டாள்.

அந்தப் பரதன்தான் மறு பிறப்பில் கோவலன்!

கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. பொய்ப் பழி சொன்னவன், பொய்ப் பழியால் செத்தான். ஆனால் கணக்கு இதோடு தீர்ந்து விடுமா? கோவலன் சாவு அவன் வினைப் பயன் என்றால், வெட்டியவன் மேல் குற்றம் இல்லையா? எரிந்து போன மதுரை மக்கள் என்ன பாவம் செய்தார்கள்? எல்லாம் முன்பே எழுதி வைத்தபடிதான் நடக்கும் என்றால், மனிதன் நல்லவனாக இருந்து என்ன பயன்?

இந்தக் கேள்விகளுக்கு எல்லாம் மணிமேகலையின் 30 காதைகளில் பதில் இருக்கிறது.

புத்தர் சொன்ன வினை

சாத்தனார் பின்பற்றியது புத்தர் காட்டிய வழி. புத்தர் வினைக்கு ஒரு தெளிவான பொருள் சொன்னார். மனத்தில் எண்ணிச் செய்வது எதுவோ, அதுவே வினை. கால் தவறி எறும்பை மிதிப்பது வேறு. நசுக்க வேண்டும் என்று மிதிப்பது வேறு. எண்ணத்தில்தான் வினை பிறக்கிறது.

தீவினைகள் பத்து என்று சாத்தனார் கணக்குக் கொடுக்கிறார். உடம்பால் செய்வது மூன்று: கொலை, களவு, காமத் தவறு. வாயால் செய்வது நான்கு: பொய், கோள், கடுஞ்சொல், வீண் பேச்சு. மனத்தால் செய்வது மூன்று: பேராசை, கோபம், தவறான காட்சி. இந்தப் பத்தையும் விட்டால் அதுவே நல்வினை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரல் விட்டு எண்ணிக் கொள்ளலாம். பத்து விரல், பத்து வினை!

இன்னொன்றும் புத்தர் சொன்னார். நமக்கு வரும் துன்பம் எல்லாமே முற்பிறப்பின் பயன் என்று சொல்வது தவறு. பித்தத்தால் நோய் வரும். வாதத்தால் வரும். பருவம் மாறினாலும் வரும். சீவகர் என்ற துறவி ஒருவர் கேட்டபோது, புத்தர் இப்படி விளக்கம் கொடுத்தார். ஆகவே, வயிற்று வலிக்குக் கருமத்தை நினைத்து அழ வேண்டாம். முதலில் மருந்து சாப்பிட வேண்டும்!

மதுரை அம்பலத்தில் ஆபுத்திரன்

சாத்தனார் தான் வியாபாரம் செய்த மதுரையில் ஒரு கதையை நடத்திக் காட்டுகிறார்.

காசியில் இருந்து வந்த சாலி என்ற பெண், கணவனுக்குப் பயந்து குமரிக்குப் போகும் வழியில் ஒரு குழந்தையைப் பெற்றாள். இருட்டில் அதை விட்டு விட்டுப் போய் விட்டாள். ஒரு பசு ஏழு நாட்கள் அதற்குப் பால் கொடுத்துக் காத்தது. அதனால் அவனுக்கு ஆபுத்திரன் என்று பெயர் வந்தது. ஆ என்றால் பசு.

வளர்ந்த பிறகு, வேள்வியில் பலியிடக் கட்டி வைத்த பசு ஒன்றை அவன் அவிழ்த்து விட்டான். ஊரார் அடித்தார்கள். அவன் பிறப்பைச் சொல்லி இழிவாகப் பேசினார்கள். வளர்த்த தந்தையும் கை விட்டார். ஆபுத்திரன் மதுரைக்கு வந்து சேர்ந்தான்.

மதுரையில் கலைமகள் கோவில் ஒன்று இருந்தது. அதன் வாசல் அம்பலத்தில் தங்கினான். கையில் ஓர் ஓடு. வீடு வீடாகப் போய்ப் பிச்சை எடுத்தான். வந்ததும் தான் சாப்பிடவில்லை. கண் தெரியாதவர்களே வாருங்கள், காது கேளாதவர்களே வாருங்கள், கால் இல்லாதவர்களே வாருங்கள், ஆதரவு இல்லாதவர்களே வாருங்கள் என்று கூப்பிட்டுக் கொடுத்தான். மீதி இருந்ததைத் தின்றான். ஓட்டையே தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினான்.

நீ முற்பிறப்பில் என்ன பாவம் செய்தாய், கண் இல்லாமல் பிறந்தாய் என்று அவன் யாரையும் கேட்கவில்லை. சோறு போட்டான். அவ்வளவுதான்!

ஒரு மழைக்கால நள்ளிரவில் சிலர் பசியோடு வந்தார்கள். ஓட்டில் ஒரு பருக்கை கூட இல்லை. ஆபுத்திரன் தவித்துப் போனான். அவன் தவிப்பைக் கண்டு கலைமகள் தன் கையில் இருந்த பாத்திரத்தை அவனுக்குக் கொடுத்தாள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அதுதான்.

பிறந்த உடனே கைவிடப்பட்டவன், பிறப்பால் இழிந்தவன் என்று ஊர் ஒதுக்கியவன், ஊருக்கே சோறு போட்டான். பிறப்பு அவன் கையில் இல்லை. செய்கை அவன் கையில் இருந்தது. வைகைக் கரையில் மழை பொய்த்தால் கூல வீதியில் என்ன நடக்கும் என்று தானிய வியாபாரிக்குத் தெரியாதா? எல்லா அறத்திலும் பெரியது பசி தீர்ப்பதுதான் என்று சாத்தனார் காவியம் முழுவதும் சொல்கிறார்.

கோவலன் மகள்

அந்த அமுதசுரபி பிறகு மணிபல்லவத் தீவின் கோமுகிப் பொய்கைக்குள் போயிற்று. ஆண்டுக்கு ஒரு முறை, வைகாசி விசாகத்தன்று மேலே வரும். அந்தத் தீவு, யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவு என்று கருதுகிறவர்கள் பலர்.

அங்கே மணிமேகலை வந்து சேர்ந்தாள். புத்தர் பீடத்தை வணங்கினாள். முற்பிறப்பு தெரிந்தது. முன்பு அவள் பெயர் இலக்குமி. கணவன் பெயர் இராகுலன். அந்த இராகுலனே இப்போது சோழ இளவரசன் உதயகுமரனாகப் பிறந்து, அவள் பின்னால் சுற்றிக்கொண்டு இருந்தான்!

அமுதசுரபி மணிமேகலை கைக்கு வந்தது. அவள் காவிரிப்பூம்பட்டினம் திரும்பினாள். ஆதிரை என்ற நல்ல பெண்மணியிடம் முதல் பிச்சை வாங்கினாள்.

அந்த ஊரில் காயசண்டிகை என்பவள் இருந்தாள். பொதியமலைப் பக்கத்தில் ஒரு முனிவர் 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை உண்ணும் நாவல் பழத்தைக் காலால் மிதித்து விட்டாள். முனிவர் சாபத்தால் எவ்வளவு தின்றாலும் தீராத யானைத் தீ என்ற பசி நோய் அவளைப் பிடித்தது. மணிமேகலை ஒரு பிடி சோறு போட்டாள். பசி நின்றது. சாபம் என்பதால் அவள் சும்மா இருக்கவில்லை.

அடுத்து அவள் சிறைச்சாலைக்குப் போனாள். கைதிகளுக்குச் சோறு போட்டாள். என்ன வேண்டும் என்று அரசன் கேட்டான். சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்ற வேண்டும் என்றாள். அரசன் அப்படியே செய்தான். தவறு செய்தவனைப் பூட்டி வைத்த இடம், தவறு செய்தவனும் திருந்தி வாழும் இடமாயிற்று.

வெட்டியவனுக்கும் வினை உண்டு!

உதயகுமரனிடம் இருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகையின் உருவத்தில் இருந்தாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தேடி வந்தான். தன் மனைவி வேறு ஒருவனோடு பேசுகிறாள் என்று நினைத்தான். பொறாமையில் வாளை உருவி, உதயகுமரனை வெட்டிக் கொன்றான்.

மணிமேகலை அழுதாள். அப்போது கந்திற்பாவை என்ற தூண் தெய்வம் பேசிற்று. இராகுலனாக இருந்தபோது, சோற்றுப் பானையோடு கால் வழுக்கி விழுந்த சமையற்காரனைக் கோபத்தில் வெட்டிக் கொன்றவன் இவன். அந்த வினை இப்போது வந்தது என்றது தெய்வம்.

அப்படியானால் காஞ்சனன் வெறும் கருவிதானா? அவனுக்குப் பாவம் இல்லையா? இங்கேதான் சாத்தனார் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறார். கந்திற்பாவை காஞ்சனனையும் பார்த்துச் சொல்கிறது: உதயகுமரன் சாவு அவன் பழைய வினையாக இருக்கலாம். ஆனால் அறியாமையால் நீ செய்தது உன் புதிய வினை. அது உன்னையும் விடாது!

ஏழையை மிதித்து விட்டு, அது அவன் தலையெழுத்து என்று சொல்லித் தப்ப முடியாது. அடி வாங்குகிறவனின் வினை, அடிக்கிறவனுக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது. காவியத்தின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது.

மகனை இழந்த இராசமாதேவி, மணிமேகலை மேல் ஆத்திரம் கொண்டாள். அவளுக்குப் பித்துப் பிடிக்க மருந்து கொடுத்தாள். காற்று இல்லாத புழுக்கறையில் அடைத்தாள். மணிமேகலை திருப்பிக் கோபிக்கவில்லை. அவள் கோபித்து இருந்தால், பழைய வினைக்கு மேல் இன்னொரு வினை சேர்ந்து இருக்கும். சங்கிலி நீண்டு இருக்கும். அவள் பொறுத்தாள். சங்கிலி அறுந்தது. அரசி மனம் மாறிக் கும்பிட்டாள். முற்பிறப்பில் என் கணவனாக இருந்தவனைப் பெற்ற தாயல்லவா என்று மணிமேகலை அரசியைத் திருப்பிக் கும்பிட்டாள்.

கண்ணகியின் வருத்தம்

மணிமேகலை வஞ்சி நகரம் போனாள். அங்கே கண்ணகிக்குக் கோவில் இருந்தது. மகள் முறையில் அன்போடு வணங்கினாள். கண்ணகித் தெய்வம் பேசிற்று. மதுராபதி வினையை எடுத்துச் சொல்லியும் கேட்காமல், கோபத்தால் மதுரையை எரித்தேன். அந்தத் தீவினை என்னையும் தொடரும். பிறகு புத்தர் அறத்தைக் கேட்டே நானும் உன் தந்தையும் விடுதலை அடைவோம் என்று சொல்லிற்று.

ஊரே கும்பிடும் தெய்வம் கண்ணகி. அவள் பட்ட அநியாயத்துக்கு அளவே இல்லை. அப்படி இருந்தும், கோபத்தில் செய்த செயலுக்குப் பயன் உண்டு என்கிறார் சாத்தனார். எரிந்த ஊரின் வியாபாரி அல்லவா அவர்!

உப்பும் தண்ணீரும்

செய்த வினையை அழிக்க முடியாது. அப்படியானால் எப்படி மாற்றுவது? இதற்குப் புத்தர் ஓர் உவமை சொன்னார்.

ஒரு சிறு கிண்ணத் தண்ணீரில் ஓர் உப்புக் கட்டியைப் போட்டால் கரிக்கும், குடிக்க முடியாது. அதே உப்புக் கட்டியைக் கங்கையில் போட்டால் தெரியுமா? தெரியாது. உப்பு அதே உப்புதான். தண்ணீர்தான் பெருகி விட்டது. பழைய தீவினை உப்புக் கட்டி. அன்பும் அறிவும் நல்ல நடத்தையும் தண்ணீர். தண்ணீரைப் பெருக்கிக்கொண்டே போனால், உப்பின் கடுமை குறைந்து விடும்.

மணிமேகலை செய்ததும் அதுதான். பஞ்சம் வந்த காஞ்சிபுரத்துக்குப் போய்ச் சோறு போட்டாள். அங்கே அறவண அடிகளிடம் பாடம் கேட்டாள். அறியாமையில் தொடங்கிப் பிறப்பிலும் துன்பத்திலும் முடிகிற 12 கண்ணிச் சங்கிலியை அவர் விளக்கினார்.

அது நம் வீட்டிலும் நடக்கிற காரியம்தான். ஒரு பொருளைப் பார்க்கிறோம். மனம் அதில் படுகிறது. இன்பமாக இருக்கிறது. வேண்டும் என்ற ஆசை வருகிறது. விட மாட்டேன் என்ற பிடி வருகிறது. பிறகு பொய், சண்டை, களவு எல்லாம் வருகின்றன. ஆசை எழும் இடத்தில் ஒரு கணம் நின்று பார்த்தால், அடுத்த கண்ணி விழாது. இதைப் பழகுவதே பௌத்தத் தவம். இதைக் கற்று, பிறவித் துன்பம் நீங்க மணிமேகலை நோன்பு ஏற்றதோடு காவியம் முடிகிறது.

ஓலையில் இருந்து வீட்டுக்கு

தமிழ்நாட்டில் பௌத்தம் மங்கிய பிறகு, மணிமேகலையைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. ஓலைச் சுவடிகள் அங்கங்கே தூங்கின. உ. வே. சாமிநாத அய்யர் அவற்றைத் தேடி எடுத்தார். அவர் சைவக் குடும்பத்துத் தமிழறிஞர். கும்பகோணத்தில் பேராசிரியர் ரங்காசாரியாரின் உதவியோடு பௌத்தக் கொள்கைகளைக் கற்றார். பிறகு 1898-ல் உரைக் குறிப்போடு மணிமேகலையை அச்சிட்டு வெளியிட்டார். மதுரை வியாபாரியின் குரல் மறுபடியும் தமிழ் வீடுகளில் கேட்டது.

மீனாட்சி அம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் வெள்ளி அம்பலத்தில் கால் மாறி ஆடும் நடராசரைக் கும்பிடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது, வெள்ளி அம்பலம் என்ற பெயரோடு சேர்ந்த இந்தத் தானிய வியாபாரியையும் ஒரு கணம் நினைக்கலாம்.

விதைத்தது முளைக்கும், அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அடுத்த பிடி விதை நம் கையில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் துன்பம் என்றால், அது அவன் விதி என்று கதவைச் சாத்துவதா, ஒரு பிடி சோற்றோடு போவதா? விதியை விசாரித்த சாத்தனார் நம்மைப் பார்த்துக் கேட்கும் கேள்வி இதுதான்.